தாய் தந்த இரும்பு

பாடசாலையிற் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி நினைவிழந்து சரிவது ஆசிரியர் எவருக்கும் புதிய காட்சியன்று. "காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம், ரீச்சர்" என்று பக்கத்தில் நின்ற தோழி சொல்லுவாள். ஒரு கோப்பைத் தேநீர் வரும். முகத்தில் தண்ணீர் தெளிக்கப்படும். பின்னர் மணி அடிக்கும். எல்லோரும் வகுப்புக்குச் சென்றுவிடுவர். அவளுடைய கீழிமையை விரலாற் சற்றே இறக்கிப் பார்ப்பவர் மிகச் சிலர். பார்த்தால், சிவந்திருக்க வேண்டிய இடம் கடதாசிபோல் வெளுத்திருப்பது தெரியும்.

பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்ற எனக்குப் பெண்ணின் மேனி வெளிறுதலுக்கு ஒரு பெயர் நன்றாகத் தெரிந்திருந்தது. அது பசலை. அகப்பாடல்களிலே தலைவனைப் பிரிந்த தலைவியின் நுதலிலும் தோளிலும் படர்வது அதுவே. திருக்குறளிற் 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரமே அதற்கு அமைந்துள்ளது. அப்பாடல்களின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஈராயிரம் ஆண்டுகளாகப் பெண்ணின் வெளிறிய முகத்தைக் கண்டபோதெல்லாம் காதலையே நினைத்த நமது மரபு, அவள் உண்டாளா என்று எத்தனை முறை கேட்டது?

இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. ஐரோப்பியரும் இவ்வாறே மயங்கினர். இளம் பெண்களின் வெளிறலை அவர்கள் 'பச்சை நோய்' என்றனர். கன்னியரின் நோய் என்றும் அழைத்தனர். 1554ஆம் ஆண்டில் யோகானஸ் லாங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் அதற்குக் கூறிய பரிகாரம் திருமணம். அடுத்த நூற்றாண்டிலே தோமஸ் சிடனம் என்ற ஆங்கில மருத்துவர்தான் இரும்புத்தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கத் தொடங்கினார். 1832இல் பிரெஞ்சு மருத்துவர் பிளோ இரும்பு உப்பைக் குளிசையாக்கினார். நமது சித்த வைத்தியர்களோ 'பாண்டு' எனப் பெயரிட்டு அயச் செந்தூரத்தை நெடுங்காலமாக வழங்கிவந்தனர். புலவர் பசலை என்று பாடியதை வைத்தியர் பாண்டு என்று கண்டார் என்பது நமது பண்பாட்டு வரலாற்றிலே சிந்திக்கத்தக்க ஒரு செய்தி.

ஆனால் பாடவும் முடியாத, பேசவும் முடியாத ஓர் உயிரின் வெளிறலை எவரும் நெடுங்காலம் கவனிக்கவில்லை. அது மாதம் நிறைவதற்கு முன்னே பிறந்துவிட்ட குழந்தை. அக்குழந்தையின் குருதிச்சோகை எவ்வாறு கண்டறியப்பட்டது, அதைத் தடுக்கும் வழி எவ்வாறு திறந்தது என்னும் வரலாறு ஒருவகையில் வறுமையின் வரலாறுமாகும். அதில் நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

*

"ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது" என்று நம்மிடையே ஒரு சொல் வழங்கிவருகிறது. பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை காணப்படுகிறது. இது உண்மைக்கு மாறானது. கருப்பையிற் கழிக்கும் ஒவ்வொரு கிழமையும் குழந்தைக்கு ஆதாயமே. எட்டாம் மாதத்திற் பிறந்தது ஏழாம் மாதத்திற் பிறந்ததைவிட வலிமையுடையது. பிள்ளை தங்காமற் போனதற்குக் காரணத்தை மாதத்தின்மேல் ஏற்றிவிட்டால், தாயின் பட்டினியையும் வேலைப் பளுவையும் பற்றி எவரும் கேட்க வேண்டியதில்லை என்பதே இந்த நம்பிக்கையின் வசதி.

கடைசி மூன்று மாதங்களில் நிகழ்வது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பாசல் நகரப் பேராசிரியர் குஸ்தாவ் பொன் புங்கே பாலையும் புதிதாகப் பிறந்த விலங்குக் குட்டிகளையும் எரித்து, அவற்றின் சாம்பலைப் பகுத்தாய்ந்தார். ஏனைய கனியுப்புகள் எல்லாம் குட்டியின் உடலுக்கு வேண்டிய விகிதத்திலேயே பாலில் இருந்தன. இரும்பு மட்டும் மிகக் குறைவாக இருந்தது. இயற்கை இத்தனை பெரிய தவற்றைச் செய்யுமா? புங்கே கண்ட விடை எளிமையானது. பாலிலே குறைவதைத் தாய் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறாள். பிறப்பதற்கு முன்னரே தன் உடலின் இரும்பைப் பிள்ளைக்குச் சேமிப்பாக எழுதிவைக்கிறாள்.

அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களிலேயே கைமாறுகிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறக்கும் குழந்தையின் உடலில் ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 75 மில்லிகிராம் இரும்பு உண்டு. மூன்று கிலோ நிறையுடன் நிறைமாதத்திற் பிறக்கும் பிள்ளை 225 மில்லிகிராம் இரும்புடன் உலகுக்கு வருகிறது. இது ஒரு சிறிய ஆணியின் எடைகூட இல்லை. ஆனால் முதல் ஆறு மாத வாழ்வு பெரும்பாலும் அந்த முதலிலேயே தங்கியிருக்கிறது. பன்னிரண்டு கிழமை முன்னதாக, ஒரு கிலோ நிறையுடன் பிறந்த பிள்ளையிடம் இருப்பதோ 75 மில்லிகிராம். அதுவும் மூன்று கிலோவாக வளர வேண்டும். அதற்கு இன்னும் 150 மில்லிகிராம் வேண்டும். தாய்ப்பால் ஒரு லீற்றரில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நாளொன்றுக்கு அரை லீற்றர் வீதம் நூறு நாள் குடித்தாலும் இருபது மில்லிகிராம் அளவே பாலிற் கிடைக்கும். அதிலும் ஒரு பகுதியே உடலிற் சேரும்.

ஆகவே குறைமாதப் பிள்ளை, வளர வளர வெளிறுகிறது. நிறை கூடுவதைக் கண்டு வீட்டார் மகிழும் அதே வேளையில், குருதியின் செம்மை குறைந்துகொண்டு போகிறது. இது தாய்ப்பாலின் குற்றமன்று. அப்பிள்ளைக்குத் தாய்ப்பாலை விடச் சிறந்த உணவு வேறில்லை. உரிய காலத்திற்கு முன்னே மூடப்பட்ட கணக்கு ஒன்றில் எஞ்சிய கடனையே நாம் இரும்புத் துளிகளாகச் செலுத்த வேண்டியிருக்கிறது.

*

இந்த உண்மையை ஆய்வுகூடத்திலிருந்து ஏழைகளின் வீட்டுக்குக் கொண்டுசென்றவர் ஹெலன் மக்காய் என்னும் பெண் மருத்துவர். 1891இற் பிறந்த அவர், முதலாம் உலகப் போரின் பின்னர் பட்டினியால் வாடிய வியன்னா நகரிலே குழந்தைகளின் என்புருக்கி நோய் பற்றிய ஆராய்ச்சியிற் பங்குகொண்டவர். இலண்டனுக்குத் திரும்பியபின், தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் நெருக்கமாக வாழ்ந்த கிழக்கு இலண்டனிற் குழந்தைகள் வைத்தியசாலை ஒன்றிற் பணியாற்றினார். நோயென்று வந்த பிள்ளைகளின் குருதியை மட்டுமன்றி, 'சுகமாக இருக்கின்றன' என்று தாய்மார் கொண்டுவந்து காட்டிய பிள்ளைகளின் குருதியையும் அளந்தார். சுகமான பிள்ளைகளிலும் பலவற்றின் ஈமோகுளோபின் மாதத்துக்கு மாதம் சரிந்துகொண்டிருந்தது. சில குழந்தைகளுக்கு இரும்பு சேர்த்த பால்மாவைக் கொடுத்தார். மற்றவற்றுக்குச் சாதாரண உணவே கிடைத்தது. இரும்பு பெற்றவற்றின் சரிவு நின்றது. நிறை குறைந்து பிறந்தனவும் இரட்டைப் பிள்ளைகளுமே அதிகமாகச் சோகையுற்றன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

1931இல் மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் வெளியீடாக அவருடைய அறிக்கை வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிறல் இயல்பு என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஒரு வர்க்கம் முழுவதும் சோகையுற்றிருந்தால், அந்தச் சோகையே அவ்வர்க்கத்தின் இயல்பான நிறம் என்று மேலோர் நினைத்துவிடுவது வழக்கம். மக்காயின் அளவுகோல் அந்த நினைப்புக்கு எதிரான சாட்சியாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின்னர், இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியின் உறுப்பாண்மைப் பெரும்பதவிக்குத் தெரிவுசெய்யப்பட்ட முதற்பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

*

அதே 1931ஆம் ஆண்டிலே வெளிவந்த வேறோர் ஆய்வுக் கட்டுரை நம்மோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது. அதனை எழுதியவர் லூசி வில்ஸ். 1913இலே தன் தாயாருடன் இலங்கைக்கு வந்து சென்ற அவர், பின்னர் மருத்துவம் கற்றார். 1928இற் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். அங்கே பஞ்சாலைகளில் உழைத்த பெண்களும் ஏனைய ஏழைப் பெண்களும் கருவுற்றிருந்த காலத்திற் கொடிய சோகையால் இறந்துகொண்டிருந்தனர். கிருமியைத் தேடிய மருத்துவருக்கு விடை கிடைக்கவில்லை. வில்ஸோ அப்பெண்களின் அடுப்பங்கரையைத் தேடிச் சென்றார். யார் என்ன உண்கிறார், எவ்வளவு உண்கிறார் என்று வகுப்பு வகுப்பாக ஆராய்ந்தார். காய்கறியும் பழமும் மிகக் குறைவாக உண்ட ஏழைகளிடையே நோய் மிகுந்திருந்தது.

பம்பாயிலும், குன்னூரிலும், சென்னையிற் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த பெண்கள் வைத்தியசாலையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது. எலிகளுக்கும் குரங்குகளுக்கும் ஏழைப் பெண்கள் உண்ட உணவையே கொடுத்துப் பார்த்தார், அவையும் சோகையுற்றன. ஒரு குரங்கு மார்மைட்டினாற் குணமடைந்தது. பியர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் மதுவத்திலிருந்து, அதாவது ஈஸ்டிலிருந்து, செய்யப்படும் மலிவான கறுப்புக் குழம்பே மார்மைட். அதனை உண்ட கருவுற்ற பெண்களும் உயிர் பிழைத்தனர். அதில் இருந்த பொருள் எது என்பது அப்போது தெரியவில்லை. 1941இற் பசளைக் கீரை வகை ஒன்றின் இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அது போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் அமெரிக்காவில் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்பைத் தேடிக்கொண்ட மாணவர் அவர்.

வில்ஸ் கண்ட சோகை இரும்புக் குறைவாலானது அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆனால் ஏழைத் தாயின் உடலில் இரண்டு குறைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. இன்று நமது தாய்சேய் நலக் கிளினிக்குகளிலே கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் போலிக் அமிலமும் வழங்கப்படுவதன் பின்னால், கிழக்கு இலண்டனின் குழந்தைகளும் பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்களும் நிற்கின்றனர். வில்ஸ் தம் முதுமைக் காலத்தில் இலண்டன் செல்சியிலே தொழிற்கட்சியின் நகரசபை உறுப்பினராகப் பணியாற்றினார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அடுப்பங்கரையை ஆராய்ந்தவர் அரசியலுக்கு வந்தது வியப்பன்று.

*

அந்தக் கறுப்புக் குழம்பு சில ஆண்டுகளுக்குள் இலங்கைக்கும் ஒரு வரலாற்றுப் பணியோடு வந்து சேர்ந்தது. 1934இன் இறுதியிலே தொடங்கி 1935இலும் தொடர்ந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் இறந்தனர். மலேரியா செங்குழியங்களை உடைக்கும் நோய். முன்னரே பட்டினியால் வெளிறியிருந்த கிராமத்து மக்களிடம் அது எஞ்சியிருந்த குருதியையும் அழித்தது. கருவுற்ற பெண்களும் பச்சைப் பிள்ளைகளுமே முதலிற் பலியாயினர். 1935ஆம் ஆண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன்னே இறந்தன. காய்ச்சலுக்குக் கொயினா மட்டும் போதவில்லை. உடலிலே ஊட்டமில்லாதவருக்கு மருந்து பாதி வழியே துணைவந்தது.

அந்த நாட்களிலே சூரியமல் இயக்கத்தின் இளைஞர் கிராமங்களுக்குச் சென்றனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் டொக்டர் மேரி இரத்தினமும் அவர்களுக்கு வழிகாட்டினர். மார்மைட்டை நாட்டு வைத்தியர் கொடுக்கும் குளிகைகளைப்போல உருட்டிக் கொடுத்தனர். அந்நிய மருந்தென்று அஞ்சியவரும் அதனை வாங்கி உண்டனர். இந்தச் சிறிய தந்திரத்தில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. மக்களுக்கு எட்டாத உண்மை, உண்மையாக இருந்தும் பயன்படுவதில்லை. மக்களின் பழக்கத்தை மதித்து, அதனூடாகவே அறிவியலைக் கொண்டுசெல்லலாம் என்பதை அவர்கள் செயலிற் காட்டினர். அந்தப் பணியில் ஈடுபட்டோரிற் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுடன் இருந்தனர்.

மேரி இரத்தினம் கனடாவிற் பிறந்தவர். தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்து கொழும்பிலேயே வாழ்ந்து பணியாற்றினார். 1930இல் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். 1937இல் நமக்கு அயலிலுள்ள பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதி வழியே நாள்தோறும் நடக்கும் நம்மவர் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சிலை வைக்கவேண்டும் என்பதன்று என் கருத்து. பாடநூலிலே ஒரு பக்கம் போதும்.

*

மலேரியாவைப் பற்றி நாட்டின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது. ஆனால் மலைநாட்டின் பெருந்தோட்டங்களிலே ஆண்டு முழுவதும் ஓசையின்றிக் குருதி குடித்த வேறொரு பகை இருந்தது. அது கொக்கிப்புழு. தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாகவும், பின்னர் மண்டபம் முகாம் வழியாகவும் கொண்டுவரப்பட்ட தொழிலாளர், வெறுங்காலுடன் ஈர மண்ணில் உழைத்தனர். மலசலகூடங்கள் இல்லாத லயன்களிலே வாழ்ந்தனர். மண்ணில் இருந்த புழு காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்தது. குடலைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சியது. சோகையுற்ற தொழிலாளியின் சோர்வைக் கண்ட துரைமாரும் கங்காணிமாரும் அதற்குச் 'சோம்பல்' என்று பெயரிட்டனர்.

1916இல் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் சுகாதாரக் குழு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தனர், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் கட்டாத இடத்திலே, சில மாதங்களில் அதே புழு அதே மனிதரின் காலடியிற் காத்திருந்தது. மருந்தின் செலவைவிடக் கூடத்தின் செலவே தோட்ட உரிமையாளருக்குப் பெரிதாகத் தோன்றியது. நோயின் வேர் உடலில் மட்டும் இல்லை, வாழிடத்திலும் இருக்கிறது என்ற பாடத்தை இவ்வாறு கற்ற பின்னரே 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. வீடு வீடாகச் சென்று கருவுற்றவளைப் பார்க்கும், பிறந்த பிள்ளையை நிறுக்கும் மருத்துவமாது அந்த அமைப்பின் உயிர்நாடியாயினாள். பிற்காலத்திலே உலகம் வியந்த இலங்கையின் தாய்சேய் நலப் பணி அவள் கால்நடையிலே கட்டப்பட்டது.

ஆனால் அவள் கால்கள் நெடுங்காலம் தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டன. தோட்ட மக்களின் சுகாதாரம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்று விடப்பட்டிருந்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவரின் குருதியை அளக்க எந்த அரசுக்கு அவசரம்? பிரசவ காலச் சகாயச் சட்டம் 1939இலேயே இருந்தது. ஆயினும் கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமந்து மலையேறும் பெண், வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடும் ஏறினாள். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இன்றும் நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் நாட்டின் சராசரியைவிடத் தோட்டங்களிலே உயர்ந்திருக்கிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்திற்கு ஆண்டுக்கணக்கிற் போராடி 2021இல் அது கிடைத்தபோது, அடுத்த ஆண்டே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. குழந்தையின் குருதியிலே இரும்பு ஏன் குறைகிறது என்ற வினாவுக்கு விடை சம்பளச் சிட்டையிலும் எழுதப்பட்டிருக்கிறது.

*

இரும்பைக் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணினால் அதுவும் பிழை. மருத்துவ உலகம் இந்தப் பிழையைச் செய்து திருந்தியிருக்கிறது.

குறைமாதப் பிள்ளையின் குருதி முதற் சில கிழமைகளிலே வேகமாக இறங்குகிறது. அந்த முதல் இறக்கத்தை இரும்பு தடுப்பதில்லை. புதிய செங்குழியங்களை ஆக்குமாறு என்புமச்சைக்குக் கட்டளையிடும் சுரப்பு அப்பிள்ளைகளிலே போதாது. உள்ள செங்குழியங்களும் விரைவில் அழிகின்றன. அத்தோடு வைத்தியசாலையிற் சோதனைக்கென எடுக்கும் குருதியும் சேர்கிறது. ஒரு கிலோப் பிள்ளையின் உடலில் ஓடும் குருதி முழுவதும் ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட நிரப்பாது. அதில் ஒரு கரண்டி போனாலும் பெரிது. இரும்பின் பணி அதற்குப் பின்னர் வரும் மாதங்களுக்கு உரியது.

1967இல் ஒஸ்கி, பார்னஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் மற்றொரு சிக்கலை வெளிப்படுத்தினர். குறைமாதப் பிள்ளைகள் சிலவற்றில் உயிர்ச்சத்து ஈ குறைவதால் செங்குழியங்கள் உடைந்து சோகை உண்டாயிற்று. அந்நிலையிற் கொடுக்கப்பட்ட இரும்பு அவ்வுடைவை மேலும் கூட்டியது என்பதும் பின்னர் தெரியவந்தது. 2006இற் சன்சிபாரின் பெம்பாத் தீவிலிருந்து வந்த ஆய்வு வேறோர் எச்சரிக்கை விடுத்தது. மலேரியா மிகுந்த அவ்விடத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்தபோது, கடும் நோயும் சாவும் குறையவில்லை, கூடின. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது நமது பேறு. ஆனால் தலசீமியா நோயுள்ள பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களும் வெளிறியே தோன்றுவர்; அவர்களுக்கு இரும்பு மிகுந்தால் அது நஞ்சு. ஆதலால், முகம் வெளுத்ததும் கடையில் ஒரு போத்தலை வாங்கி ஊற்றுவது தாயன்பாகாது. குருதியை அளந்து, நிறையை அறிந்து, மருத்துவர் சொல்லும் அளவிற் கொடுத்தலே முறை. அந்தப் போத்தலும் வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். சிறுவர் இரும்பு மருந்தை இனிப்பென்று குடித்து உயிரிழந்த துயரங்கள் உலகெங்கும் நிகழ்ந்துள்ளன.

அளவு என்ன? தாய்ப்பால் குடிக்கும், மிகக் குறைந்த நிறையுடைய பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு உடல்நிறையின் கிலோ ஒன்றுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை, இரண்டு கிழமை வயதிலிருந்து ஆறு மாதம் வரை கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் விதந்துரைத்தது. வேறு வழியில் இரும்பு பெறாத, தாய்ப்பால் அருந்தும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் அது வேண்டியதென்பதை 2022இலும் வலியுறுத்தியது. இரண்டு கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் இடைப்பட்ட நிறையுடன் பிறந்த பிள்ளைகளைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பின்தொடர்ந்தனர். கைக்குழந்தைப் பருவத்தில் இரும்பு பெற்றவர்களிடம், மூன்றரை வயதில் நடத்தைக் குறைபாடுகள் தெளிவாகக் குறைந்திருந்தன என்று 2013இல் அறிவித்தனர். இரும்பு குருதிக்கு மட்டும் வேண்டியதன்று. வளரும் மூளைக்கும் வேண்டியது. வகுப்பறையின் கடைசி வாங்கிலே கவனம் சிதறி உட்கார்ந்திருக்கும் மாணவனை 'மந்தம்' என்று சொல்லுமுன், அவன் எத்தனை மாதத்திற் பிறந்தான், எத்தனை துளி இரும்பு அவனுக்குத் தவறிப்போயிற்று என்று நாம் எண்ணிப்பார்த்ததுண்டா?

*

செலவே இல்லாத ஒரு மருந்தும் இந்த வரலாற்றில் உண்டு. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுக்க விரையாமல் சற்றே காத்திருந்தால், நச்சுக்கொடியில் தங்கியிருக்கும் பிள்ளையின் சொந்தக் குருதி அதற்கே வந்துசேருகிறது. சாள்ஸ் டார்வினின் பாட்டனாரான எராஸ்மஸ் டார்வின் 1801இலேயே கொடியை விரைந்து கட்டுவது கேடென்று எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் வைத்தியசாலைகள் விரைவை விரும்பின. உடனே அறுப்பதே வழக்கமாயிற்று. நச்சுக்கொடி விழும்வரை பொறுத்திருந்த நாட்டு மருத்துவிச்சிகள் பலர் அறியாமைக்காரர் என்று இகழப்பட்டனர். 2014இல் உலகச் சுகாதார நிறுவனம், ஒரு நிமிடத்துக்கு முன் கொடியை அறுக்கவேண்டாம் என்று வழிகாட்டியது. குறைமாதப் பிள்ளைகளின் சாவையே இப்பொறுமை குறைக்கிறது என்பதை 2023இல் வந்த விரிவான ஆய்வுத் தொகுப்பு எடுத்துக்காட்டியது.

இதைக் கொண்டு பழமையெல்லாம் பொன் என்று முடிவுகட்டுவோரும் உளர். அது தகாது. பொறுமையாகக் காத்திருந்த அதே மருத்துவிச்சியின் துருப்பிடித்த கத்தியினால் ஏற்புநோய் கண்டு இறந்த பிள்ளைகள் எண்ணற்றவை. அவளிடம் இருந்த பொறுமையையும், வைத்தியசாலையில் இருந்த தூய்மையையும் ஒன்றுசேர்ப்பதே அறிவு. யாழ்ப்பாணத்திலே டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்து, 1857ஆம் ஆண்டிலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டதன் உட்பொருளும் இதுவே. அறிவியல் தாயின் மொழியிற் பேசினால்தான் தாய்க்குப் பயன்படும். அவர் காட்டிய வழியிலே நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்? இன்றும் பிள்ளையைக் கையிற் கொடுத்து அனுப்பும்போது தரப்படும் மருந்துத் துண்டைத் தானே வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத தமிழ்த் தாய்மார் தலைநகரிலேயே இருக்கின்றனர். எத்தனை துளி, எத்தனை வேளை, எத்தனை மாதம் என்பதைத் தெளிவான தமிழில் எழுதிக் கொடுக்கப் பெரும் பணமும் தேவையில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகளும் பால்மாவும் திரிபோஷவும் தட்டுப்பட்டன. மீனும் முட்டையும் இறைச்சியும் ஏழை வீடுகளின் சட்டியிலிருந்து முதலில் மறைந்தன. அந்த ஆண்டிலே கருவுற்றவர்களின் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் நமது வகுப்பறைகளுக்கு வருவார்கள். அன்றைய நெருக்கடியின் கணக்கை வங்கிகள் எழுதி முடித்துவிடலாம். ஆனால் தாயின் உடலிலிருந்து பிள்ளைக்குச் சேராமற் போன இரும்பின் கணக்கு, அப்பிள்ளைகளின் குருதியிலும் கற்கும் திறனிலும் இன்னும் நெடுங்காலம் எழுதப்பட்டிருக்கும்.

காலைக் கூட்டத்திலே மயங்கி விழுந்த மாணவியிடம் நான் மீண்டும் வருகிறேன். அவளுக்கு வயது பதினைந்து. பத்தாண்டுகளின் பின் அவளும் ஒரு தாயாகலாம். இன்று அவள் உடலில் இல்லாத இரும்பை அன்று அவள் தன் பிள்ளைக்கு எங்கிருந்து கொடுப்பாள்? குறைமாதப் பிள்ளைக்குத் துளித்துளியாக ஊற்றும் மருந்து வேண்டியதே; அதை மறவாமற் கொடுப்போம். ஆனால் அப்பிள்ளையின் சோகையைத் தடுக்கும் பணி வைத்தியசாலையின் கண்ணாடிப் பெட்டியருகே தொடங்குவதில்லை. அது இந்தப் பெண்ணின் காலைச் சாப்பாட்டிலேயே தொடங்குகிறது. தேநீர்க் கோப்பையை நீட்டுவதோடு நம் கடமை முடிந்ததென்று எண்ணாமல், அவள் வீட்டில் அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்பதற்கு நாம் எப்போது துணியப்போகிறோம்?